ஒரு நாள் வேலை

எங்கள் தெருவில் ரேடியேட்டர் ஒட்டுகிறவருக்கு ‘ரெண்டுநாள்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். யார் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், முன்மூடியைத் திறப்பதற்கு முன்பே “ரெண்டு நாள் ஆகும்” என்று சொல்லிவிடுவார். சொன்னபடி ரெண்டு நாளில் கொடுத்ததும் உண்டு, ஒரு மாதம் இழுத்தடித்ததும் உண்டு. வாய் மட்டும் மாறாது.

அவர் பட்டறைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் கார் சீட் தைக்கிறவள். என் வீட்டுக்காரர் தூரத்து லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே என் பொழுதெல்லாம் தகரத்துக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினோடு போகிறது. அந்தப் பக்கம் அவர் தும்மினால் எனக்குத் தெரியும். நான் இருமினால், “தண்ணியைக் குடிம்மா” என்று குரல் வரும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

வருஷத்தில் ஐந்து மாதம் இங்கே குளிர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இரும்பு விரலைக் கடிக்கும். நடுப்பகலில்கூட வெயில் ஏதோ கடனுக்கு வந்ததுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்த ஊரில் காரில் ஹீட்டர் இல்லாவிட்டால் கஷ்டம். உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, ஓட்டுகிறவருக்கும்தான். மூச்சுக்காற்று முன் கண்ணாடியில் பட்டு ஆவியாகப் படிந்து, ரோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அவரைத் தேடி வருவதெல்லாம் பழைய கார்கள். நாற்பது ஐம்பது வருஷத்து வண்டிகளைப் பெற்ற பிள்ளையைப்போலத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார்கள். சீட்டுக்கு என்னிடம் வருவார்கள், ஹீட்டர் கோருக்கு அவரிடம் போவார்கள். அந்தக் கோர் ரேடியேட்டருக்குக் குட்டித்தம்பி மாதிரி. ஒரு தடித்த நோட்டுப்புத்தக அளவுதான் இருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் சுற்றிவிட்டுத் திரும்பும். அதன் மேல் ஃபேன் காற்றை அடித்தால் உள்ளே சூடு வரும். முன் கண்ணாடியை ஆவி பிடிக்காமல் காப்பதும் அதே காற்றுதான். வயசானால் அதன் ஒட்டுகள் விட்டுக் கசியும். காருக்குள் பாகு காய்ச்சினதுபோல ஒரு தித்திப்பு வாடை வரும், காலடி விரிப்பு நனையும். அப்போது ரெண்டுநாளிடம் வருவார்கள். அவர் அதைக் கழற்றி, ஒட்டி, இன்னொரு இருபது வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரி பலப்படுத்திக் கொடுப்பார். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வாயாரச் சொல்கிறேன்.

ஊரார் காருக்கெல்லாம் சூடு ஏற்றிக் கொடுத்த மனுஷனின் சொந்தக் காரில் பதினொரு வருஷமாக ஹீட்டர் இல்லை.

பாசிப்பச்சை நிறத்தில் பழைய நாலு கதவு வண்டி. அதில் கோர் கசிய ஆரம்பித்த அன்றைக்கு, கோருக்குப் போகும் ரப்பர்க் குழாயையும் வரும் குழாயையும் கழற்றி, நடுவில் ஒரு துண்டுச் செப்புக்குழாயை வைத்து ரெண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். தண்ணீர் கோர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கசிவு நின்றது, சூடும் நின்றது. “முழுசா ரெண்டு நாள் கிடைக்கட்டும், டேஷ்போர்டைப் பிரிச்சுப் போட்டு ஒட்டிடறேன்” என்று பெண்டாட்டியிடம் சொன்னார். எந்த வாரத்திலும் அந்த ரெண்டு நாள் வரவில்லை.

நான் அண்ணி என்று கூப்பிடுவது அவர் மனைவியைத்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அண்ணி சாயந்திரம் அவருக்காகக் காத்திருக்கும்போது என் பட்டறையில் வந்து உட்காருவாள். கை சும்மா இருக்காது, நான் தைத்ததில் நூல் முனைகளை வெட்டிக்கொண்டே பேசுவாள்.

“உங்க அண்ணன் எது ஒழுகினாலும் ஒட்டமாட்டாரு. ரெண்டு குழாயையும் சேத்துக் கட்டிட்டு மேல போயிடுவாரு,” என்று ஒருநாள் சொன்னாள்.

“கார்லயா அண்ணி?”

“கார்லயும்தான்.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, அண்ணியின் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. மூன்று மணி நேரப் பாதை, பாதிக்கு மேல் மலை. பஸ் இல்லாத நேரம். இவர் காரை எடுத்தார். மலையேறியதும் கண்ணாடி மூடிக்கொண்டது. இவர் இறங்கி வெளியே துடைப்பார், அவள் உள்ளே சால்வை முனையால் துடைப்பாள், கொஞ்ச தூரம் போவார்கள், மறுபடி நிறுத்துவார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது அம்மா போய் அரைமணி ஆகியிருந்தது. கடைசி வரைக்கும் “கார் சத்தம் கேக்குதா பாரு, கார் சத்தம் கேக்குதா பாரு” என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அக்கா சொன்னதை அண்ணி என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதைப் பற்றி வீட்டில் பேச்சு மூச்சே இல்லை. அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. போன குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள் அண்ணி கைப்பையோடு பட்டறைக்கு வந்து நின்றாள்.

“அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?” என்றார் அவர், கையில் இருந்த வேலையை விடாமல்.

“ரெண்டு நாள்ல வந்துடறேன்,” என்றாள்.

அவர் தலையாட்டினார். எனக்குத் தகரத்துக்கு இந்தப் பக்கம் ஊசி குத்திவிட்டது. ஒன்பது மாதம் ஆகிறது, அவள் வரவில்லை.

அந்த ஒன்பது மாதத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலையில் ரொட்டியும் ரெண்டு அவித்த முட்டையும், மத்தியானம் அதே ரொட்டியும் அதே முட்டையும். “இன்னும் கொஞ்ச நாள்ல கொக்கரிக்கப் போறீங்க” என்றேன். சிரிக்கவில்லை. கடையைச் சாத்தின பிறகும் வீட்டுக்குப் போகாமல், அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வீட்டுச் சாவியை வாங்கி நான் பெருக்கிக் கொடுத்தேன். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. மற்ற பாத்திரமெல்லாம் அண்ணி அடுக்கிவைத்தது அடுக்கிவைத்தபடி. கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் போர்வை கசங்கியிருந்தது. பெருக்கிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தேன். மாதத்தில் இருபத்தாறு நாள் என் வீட்டிலும் ஒரு தட்டுதான்.

இந்த வருஷக் குளிர் தொடங்கின வாரம் அண்ணி எனக்குப் போன் பண்ணினாள்.

“கட்டிலுக்கு அடியில என் பெட்டி ஒண்ணு இருக்கும். ஏதாவது லாரியில போட்டு அனுப்பச் சொல்லும்மா. கம்பளித் துணியெல்லாம் அதுலதான் இருக்கு.”

கைப்பையோடு போனவள் பெட்டியைக் கேட்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

“நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே அண்ணி.”

“சொன்னா ரெண்டு நாள்ல அனுப்பறேம்பாரு.”

“பெட்டி எதுக்கு? அவரையே வரச் சொல்றேன். ஒரு எட்டு வந்து வீட்டைப் பாத்துட்டுப் போங்க. கார்ல கூட்டிட்டு வருவாரு.”

“எந்தக் கார்ல? அந்த ஐஸ்பெட்டியில நான் இனிமே ஏறமாட்டேன்.”

போனை வைத்துவிட்டாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் போய், ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தையைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“ஐஸ்பெட்டின்னா சொன்னா?”

“ஆமா.”

“அப்ப கார்தான் பிரச்சினை.”

“அண்ணே, அவங்க பேசினது கார் பத்தி இல்லண்ணே.”

“கார்ல ஏறமாட்டேன்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னாங்க.”

“ஏன் ஏறமாட்டாளாம்?”

“ஐஸ்பெட்டின்னு…”

“அப்புறம் என்ன?”

என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார். கசிகிற இடத்தைக் கண்டுபிடித்தால் வேலை பாதி முடிந்தது என்று நினைக்கிற தொழில். இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்படித் தெரிந்தது. எனக்கும் மனசுக்குள் ஒரு ஆசை. யார் கண்டார்கள், சூடான காரைப் பார்த்தால் அவள் மனசு இளகலாம். நானும் அதற்குமேல் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பச்சைக் காரை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் நிறக் கார் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் வந்து நின்றார்.

“என்னப்பா, ரெண்டு நாளா?” என்றார், சொல்லப்போவதை முந்திக்கொண்டு.

“இன்னிக்கு எதுவும் இல்ல டாக்டர். இன்னிக்கு என் வண்டி.”

டாக்டர் ஆடிப்போய்விட்டார். நான் தைக்க வேண்டிய சீட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே போய் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் பொருள் வைக்கும் பெட்டி கழன்றது, அதற்குப் பின்னால் காற்றுக் குழல்கள் கழன்றன. அவர் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு, இடது பக்கம் காலடிக்குக் காற்று வரும் ஓட்டைக்குள் கையை நுழைத்தார்.

“எலி கூடு கட்டியிருக்கு பாரு,” என்று சாம்பல் நிறத்தில் எதையோ உருவி வெளியே போட்டார்.

நான் எடுத்துப் பார்த்தேன். எலிக்கூடு இல்லை. ஒரு கம்பளிக் காலுறை. நாலாக மடித்து, பிரியாமல் இருக்க நூலால் அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து என் கையிலிருந்து வாங்கினார்.

“இது அவளோடது.”

மறுபடி குனிந்து ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். அதை மூடும் தகடு உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“வெளிக்காத்து நேரா அவ காலுக்கு வந்திருக்கு. எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொல்லியிருப்பாங்க,” என்றேன்.

அவர் ரொம்ப நேரம் அந்தக் காலுறையை வைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருப்பா,” என்றார்.

கோர் வெளியே வந்தது. பதினொரு வருஷம் தண்ணீர் காணாமல், உள்ளே துரு கட்டிப் பழுப்பாகக் கிடந்தது. சுடுதண்ணீரில் மருந்து கலந்து ஊற்றி, திருப்பி ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவினார். ஒரு வாயை ரப்பரால் அடைத்து, இன்னொரு வாயில் காற்றுக் குழாயைச் செருகி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். காற்றை மெதுவாகத்தான் விட்டார்.

“அளவா விடணும். கிழட்டுச் சாமான், அதிகமா அடிச்சா வெடிச்சிடும்.”

கோரின் குழல்களில் மூன்றிலிருந்தும், பக்கவாட்டு மூட்டு நெடுகவும் முத்து முத்தாகக் காற்று வந்தது. சாக்பீஸால் குறி போட்டார். பித்தளை பளிச்சென்று தெரியும்வரை பிரஷ்ஷால் தேய்த்தார். அமிலத்தைத் தொட்டு வைத்தார். பிறகு பழந்துணியை நனைத்து, ஒட்டாத இடங்களைச் சுற்றிக் கட்டினார்.

“அது எதுக்குண்ணே ஈரத்துணி?”

“இதை ஒட்டும்போது சூடு பரவி, பக்கத்துல நல்லா இருக்கற ஒட்டு விட்டுக்கும். ஒண்ணைச் சரி பண்ணப்போய் இன்னொண்ணைக் கெடுத்துடக் கூடாது.”

தீ நாக்கை ஒரு இடத்தில் நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே, ஈயக் கம்பியைத் தொட்டார். அது உருகி, சொன்ன பேச்சுக் கேட்டதுபோல மூட்டுக்குள் ஓடியது. அதோடு விடவில்லை. மூட்டின் நீளத்துக்குப் பித்தளைத் தகடு வெட்டி மேலே வைத்து ஒட்டினார். குழாய் கழுத்து ஆடி ஆடித்தான் உடையும் என்று, கழுத்துக்கு ஒரு சின்ன முட்டு கொடுத்தார். டாக்டர் காருக்குச் செய்கிற வேலையைவிட இதில் ஒரு படி கூடுதல்தான். மறுபடி தொட்டியில் முக்கியபோது ஒரு பொட்டுக் காற்றுகூட வரவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றது. நாங்கள் ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காலடித் தகட்டையும் புதிதாக வெட்டி மாட்டினார். செப்புக்குழாய்த் துண்டைக் கழற்றி எறிந்தார். எல்லாவற்றையும் பூட்டி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டபோது மணி நாலரை. முதலில் தூசி கருகின வாடை வந்தது. அப்புறம் வெதுவெதுப்பு. அப்புறம் நல்ல சூடு, அடுப்படியில் நிற்கிற மாதிரி.

“ஏழு மணிக்குத் தொட்டது, நாலரைக்கு முடிஞ்சிருச்சு பாத்தியா! ஒரே நாள்!”

“பேரை மாத்தணும் போலிருக்கேண்ணே,” என்றேன்.

அவர் சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. ஒரு பொம்பளையாக இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். “நீயும் வாம்மா. நீ இருந்தா அவ நல்லாப் பேசுவா” என்று அவர் கெஞ்சியதால் போனேன். பெட்டி பின்னால் டிக்கியில். முன் சீட்டுக்கு விடியற்காலையில் எழுந்து கம்பளித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தேன். நான் பின் சீட்டில் ஃபிளாஸ்க்கையும் ரொட்டிப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இந்தப் பெட்டி திரும்பி நம்ம வீட்டுக்கே வரும் பாரு,” என்றார்.

ரோட்டோரப் புல்லெல்லாம் உறைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. காருக்குள் நான் சால்வையைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மனுஷன் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், சமையலறையில் குழாய் மாற்ற வேண்டும், அண்ணிக்குப் பிடித்த மாதிரி ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். ஒன்பது மாதத்தில் பேசாததை மூன்று மணி நேரத்தில் பேசினார். மலையில் ஒரு வளைவு வந்தது, பக்கத்தில் ஒரு கல்பாலம். சட்டென்று நிறுத்தினார்.

“இங்கதான் அன்னிக்கு ரொம்ப நேரம்…” என்று ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன். அவர் மறுபடி காரை நகர்த்தினார்.

“திரைக்கு என்ன கலர் நல்லா இருக்கும்?” என்றார்.

அக்கா வீடு சின்ன ஓட்டு வீடு. முன்னால் கம்பிக் கதவு. கார் சத்தம் கேட்டு அக்கா வந்து, “வாங்க தம்பி, உள்ள வாங்க” என்றாள். மரியாதையில் குறை இல்லை, குரலில்தான் ஈரம் இல்லை. அண்ணி தான் வேலைக்குச் சேர்ந்திருந்த துணி வெளுக்கிற கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தாள். முகம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது.

“இஸ்திரி போடறேன்,” என்றாள் என்னிடம். “நாள் பூரா சூட்டுலதான் நிக்கறேன். உடம்புக்கு நல்லா இருக்கு.”

டீ குடித்தோம். அவர் டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. டீ தீர்ந்ததும் எழுந்தார்.

“கொஞ்சம் வந்து கார்ல உக்காந்து பாரேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். ஒரே ஒரு நிமிஷம்.”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கீழே இறங்கி, அவள் பக்கத்து ஜன்னல் ஓரம் வந்து நின்றார். உத்தரவுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றார்.

சூடு வர ஆரம்பித்தது. அண்ணி கையை நீட்டினாள். விரல்களை விரித்துக் காற்றில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். காலை மெல்ல முன்னால் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

“நல்லா இருக்கு,” என்றாள்.

“புதுசா தகடு வெச்சிருக்கேன். கழுத்துக்கு முட்டு கொடுத்திருக்கேன். இனிமே நம்ம காலத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?”

“சே, கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல.”

“எத்தனை நாள் ஆச்சு?”

பின் சீட்டில் எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அண்ணே” என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெருமையோடு சொல்லிவிட்டார்.

“ஒரே நாள்தான்! காலைல ஏழு மணிக்குத் தொட்டு நாலரைக்கு முடிச்சுட்டேன். இவளைக் கேளு.”

அண்ணி கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒரு நாளா?” என்றாள்.

“ஒரு நாள் முழுசாக்கூட இல்ல…”

“அது ரொம்பப் பெரிய வேலை, அதான் இவரால செய்ய முடியலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அக்காகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். ‘பாவம், வேலை அப்படிக்கா, ரெண்டு நாள் சேந்தாப்புல கிடைக்க மாட்டேங்குது’ன்னு உங்களுக்காகச் சண்டை போட்டேன். பதினொரு வருஷமா ஒரு நாள் வேலைக்காகவா நான்…”

அம்மா என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். கதவைத் திறந்து இறங்கினாள். கதவை ஓங்கிச் சாத்தக்கூட இல்லை.

“டிக்கியைத் திறங்க. பெட்டியை எடுத்துக்கறேன்.”

அவர் ஜன்னலோரமே நின்றார். நான்தான் இறங்கித் திறந்தேன். அக்காவும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அண்ணி திரும்பி வந்து என் கையைப் பிடித்து, “அவர் ரொட்டியே தின்னுக்கிட்டிருக்காராமே, ஏதாவது சமைச்சுக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பத்து நிமிஷம் ஓட்டியிருப்பார். ஒரு மரத்தடியில் ஓரமாக நிறுத்தினார்.

“நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு முட்ட வந்தது.

“ஒரு நாள்ல முடியற வேலையை அன்னிக்கே முடிச்சிருந்தா, அவங்க அம்மா மூஞ்சியப் பாத்திருப்பாங்கல்ல? அதை இன்னிக்கு வரைக்கும் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க? சூடு கேட்டா அவங்க போனாங்க?”

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றார் மெதுவாக. “அந்தப் பாலத்துகிட்ட கண்ணாடியைத் துடைக்கும்போதே தெரியும். நேரத்துக்குப் போக முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. என்னாலதான்னும் தெரிஞ்சுபோச்சு. அவ உள்ள உக்காந்து துடைச்சுக்கிட்டே இருந்தா. நான் வெளிய நின்னு அழுதேன். உள்ள வந்து ஒண்ணும் சொல்லல. அப்புறம் எப்பச் சொல்றதுன்னு தெரியல. சொல்லாம விட்டா ஆறிடும்னு நெனச்சேன்.”

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? வண்டியைத் திருப்புங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

திருப்பினார். கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். நான் காரிலேயே இருந்தேன். அண்ணி வேலைக்குத் திரும்பக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து பேசினார். அண்ணி அசையாமல் நின்று கேட்டாள். ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் முடித்த பிறகு அவள் ஏதோ சொன்னாள், கொஞ்ச நேரம்தான் சொன்னாள். அவர் தோளில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு கதவைத் தாண்டி, எதிர்ப்பக்கமாகக் கடையை நோக்கி நடந்து போனாள்.

அவர் வந்து ஏறினார்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘இந்த வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் அந்த வீட்டை மனசுல விடாமப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், எப்பவாவது சொல்லுவீங்கன்னு. கேட்டாச்சு. இனிமே எனக்கு அங்க ஒண்ணும் பாக்கி இல்ல. பத்திரமாப் போங்க’ன்னா.”

“கோவமாச் சொன்னாங்களா?”

“இல்லம்மா. ரொம்ப நல்லாச் சொன்னா. இப்படி அவ எங்கிட்டப் பேசி வருஷக் கணக்காச்சு.”

கார் நகரவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன் சீட்டில் நான் போட்ட கம்பளி உறையைக் கையால் நீவிச் சரிபண்ணினார்.

“முன்னால வந்து உக்காரும்மா. பின்னால வர்றதுக்குள்ள சூடு ஆறிடுது.”

“வேணாம்ணே. அந்த இடத்துல நான் உக்காரமாட்டேன்.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். மலையிறங்கி ஊர் வந்து சேர மூன்று மணி நேரம். எனக்கு அழுகையாக வந்தது. அவருக்காகவா, அண்ணிக்காகவா, வீட்டில் எனக்காகக் காத்திருக்கும் அந்த ஒற்றைத் தட்டுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன் சீட்டு வழி நெடுக வெறுமனே சூடு காய்ந்துகொண்டு வந்தது.